போணிக்கு ஸ்பானிஷில் என்ன?

மதுரை

அன்புள்ள பாண்டி மாப்ள,

உனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி போனில் சொன்னாள். கறுப்புக் கண்ணாடியோடு ஈசிசேரில் கிடப்பாய். இதைப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்.

நான் இங்கே ஸ்பானிஷ் படிக்கிறேன். சிரிக்காதே. மகள் மாட்ரிட் போய் இரண்டு வருஷமாகிறது, பேத்தி பேசுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை. போன வாரம் புதுப் பாவாடையோடு வீடியோவில் வந்து, 'ஓய் எஸ்த்ரெனோ' என்றாள். தாத்தாவையே ஓய் போடுகிறாளே என்று பார்த்தால், 'ஓய்' என்றால் இன்றைக்கு என்று அர்த்தமாம். எஸ்த்ரெனார் என்பது வினைச்சொல்: ஒன்றை முதல்முதலாகப் பயன்படுத்துவது. சட்டை, செருப்பு, கார், வீடு எல்லாவற்றுக்கும் அதே சொல். படம் ரிலீஸானாலும் 'எஸ்த்ரெனோ'தான். நமக்குத் துணிக்குக் கோடி, வீட்டுக்குப் பால் காய்ச்சுவது, தேருக்கு வெள்ளோட்டம் என்று தனித்தனி. குருத்தோலை ஞாயிறன்று புதுசாக எதையும் போடாதவனுக்குக் கையே இல்லை என்று அங்கே ஒரு சொலவடைகூட உண்டு.

சரி, நாமும் சொல்லிப் பார்ப்போமே என்று என் புதுச் சட்டையைக் காட்டினேன். 'எஸ்த்ரெனாதோ' என்று சொல்ல வேண்டியது. நான் 'னா'வை 'ஞீ' ஆக்கி 'எஸ்த்ரெஞீதோ' என்றுவிட்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மலச்சிக்கல்காரன் என்று அர்த்தமாம்!

அப்புறம்தான் அகராதியைப் புரட்டினேன். அதே சொல் 'எஸ்த்ரெனார்ஸே' என்று வந்தால், வியாபாரி அன்றைய முதல் வியாபாரத்தைச் செய்வது. போணி, மாப்ள! லத்தீனில் அதன் வேர் ஸ்த்ரேனா. பண்டிகை நாளில் நல்ல சகுனத்துக்காகக் கொடுக்கும் அன்பளிப்பு.

படித்ததும் கீழமாசி வீதியில் மாமாவின் நூல்கடை ஞாபகம் வந்துவிட்டது. முதல் ஆள் வாங்காமல் திரும்பினால் மாமா முகம் சுண்டிப் போகும். வாங்கினாலோ, நோட்டைக் கண்ணில் ஒற்றித் தராசில் தொட்டு அப்புறம்தான் கல்லாவில் போடுவார். ஒருநாள் காலையில் பட்டத்துக்கு நூல் கேட்டுக் கையில் காசில்லாமல் போய் நின்றேன். "இன்னும் போணி ஆகலையேடா" என்றவர், தன் சட்டைப்பையிலிருந்து 10 பைசா எடுத்து என் கையில் வைத்தார். உடனே கையை நீட்டி அதையே திரும்ப வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கண்டு நூலும் கொடுத்தார்.

அந்த நூலுக்குக் காசு கொடுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நீ கொடுத்தாயா?

அன்புடன்,
முருகேசன்