பாப்பாவுக்கு, சாவி விஷயமாக

திண்டுக்கல்,
ஞாயிறு காலை

பாப்பா,

வெள்ளிக்கிழமை நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ‘ஒண்ணுமில்லப்பா, வண்டிக்கு வெளியே நாலு மணி நேரம் மாட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்’ என்றாய். நாலு மணி நேரம். அதுவும் நடந்து ஒன்பது நாள் கழித்துச் சொல்கிறாய். போனில் திருப்பிக் கேட்டால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியிடம் கொடுத்தால் அவன் படித்துவிட்டுத்தான் அனுப்புவான். நானே படம் எடுத்து வாட்ஸாப்பில் போடுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

அம்மா நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பெரியத்தை வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது, உன்னைக் கேட்டார்கள். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

நியூசிலாந்தில், முன்பக்கம் ஓட்டுகிற இடமும் பின்பக்கம் வீடுமாக இருக்கிற உன் வண்டி நிற்கும் புகாகி ஏரிக்கரையில் ராத்திரி ஒன்பது மணி என்றால் இங்கே மத்தியானம் இரண்டரை. நான் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்திருந்திருப்பேன். நீ அங்கே ரப்பர் செருப்போடு, ஸ்வெட்டர்கூடப் போடாமல், வாசற்படி லைட் எரியவில்லையே என்று பார்க்க இறங்கியிருக்கிறாய். மலையிலிருந்து வந்த காற்று கதவை அறைந்துவிட்டது. உள்பக்கப் பூட்டை நீ முன்னாடியே தட்டி வைத்திருந்திருக்கிறாய். சாவி உள்ளே, போன் உள்ளே, அடுப்பில் பால் உள்ளே. இதைக் கேட்டபோது அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

அந்தப் பாலைப் பற்றி நீ சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. வேறு யாராக இருந்தாலும் முதலில் கதவைப் போட்டு இடித்திருப்பார்கள். நீ வண்டியைச் சுற்றிப் போய், வெளிப்பக்கம் இருக்கிற சிலிண்டர் பெட்டியைத் திறந்து, வால்வை மூடியிருக்கிறாய். அடுப்பு அணைந்ததை ஜன்னல் வழியாக நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறாய். நேற்று பட்டறையில் எல்லாரிடமும் இதைச் சொன்னேன். என் மகள் என்று சொன்னேன். ஆனால் ஒன்று, அன்றைக்கு அந்தப் பெட்டி பூட்டாமல் இருந்தது உன் அதிர்ஷ்டம். அதற்கும் வண்டியின் வீட்டுப் பக்கக் கதவுக்கும் ஒரே சாவிதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இனிமேல் அடுப்பு எரிகிற நேரமெல்லாம் சிலிண்டர் பெட்டியைப் பூட்டாதே.

ஜன்னலை உடைக்க விடாததும் சரியான காரியம். பக்கத்து வண்டிப் பெரியவர் நல்ல எண்ணத்தில்தான் கல்லை எடுத்திருப்பார். ஆனால் வீட்டுப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இல்லையே, அக்ரிலிக். உங்கள் மாதிரி வண்டிக்கு அது ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும், வருகிறவரைக்கும் பனியில் அட்டையை ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, உடைத்தே தீரவேண்டும் என்று வந்தால் முன்பக்கம் டிரைவர் கதவுக் கண்ணாடியை உடை. அது சாதாரணக் கார் கண்ணாடிதான், சுலபமாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் செலவைப் பார்க்காதே. அவசர உதவிக்கு 111-ஐயும் கூப்பிடு, கூச்சப்படாதே.

பூட்டுக்காரர் திறந்த விதத்தை நீ சொல்லச் சொல்ல நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். டிரைவர் கதவின் மேல் இடுக்கில் காற்றுப் பையைச் சொருகி, கையால் பம்ப் அடித்து, விரல் நுழைகிற அளவு சந்து வந்ததும் நீளக் கம்பியை விட்டு, உள் கைப்பிடியை இழுத்தார் என்றாய். பெயிண்டில் கீறல்கூட இல்லை என்றாய். அந்த மனிதருக்கு நல்ல கை. நீயும் எந்தக் கதவு, எந்த இடுக்கு, எந்தப் பக்கம் இழுத்தார் என்று ஒன்று விடாமல் பார்த்து வைத்திருக்கிறாய். பூட்டுக்காரன் வீட்டில் பிறந்தவளுக்குத்தான் அந்தக் கண் வரும். 2019-இல் நம்ம ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் லட்டு கொடுத்தார்கள். அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

சரி, இப்போது சாவி.

உன் வண்டிக்கு மொத்தம் எத்தனை செட் சாவி இருக்கிறது? வெள்ளிக்கிழமை இதைக் கேட்டபோது ‘இன்னொரு செட் கிறைஸ்ட்சர்ச்ல இருக்கு’ என்றாய். அப்புறம் லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. பின்னாடி கெட்டில் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அந்த செட் யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வண்டி வாங்கும்போது முன்பக்கத்துக்கு ரெண்டு, வீட்டுக் கதவுக்கு ரெண்டு கொடுத்தார்கள் என்று மாப்பிள்ளைதான் போனில் காட்டினார். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. போன மாசம் முழுக்க எப்போது கூப்பிட்டாலும் மாப்பிள்ளை வேலையில் இருக்கிறார். அங்கே ராத்திரி பதினொன்று ஆனாலும் வேலையில் இருக்கிறார். இருக்கட்டும், வேலை அப்படித்தான் இருக்கும். பூட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன் இல்லையா, அனுப்பினாய். பூட்டைப் பார்த்துவிட்டேன். தகடு வைத்த சின்னப் பூட்டு, பெரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை. அந்தப் படத்தில் பின்னாடி பாத்திரம் காயவைக்கிற தட்டும் தெரிகிறது. அதில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு போனை என்னிடம் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

சாவிக்கு வருகிறேன். கவனமாகப் படி.

வீட்டுக் கதவுச் சாவியின் தலையில் ஒரு எண் அடித்திருக்கும். பூட்டின் முகத்திலும் இருக்கலாம், டார்ச் அடித்துப் பார். அந்த எண் இருந்தால் சாவி தொலைந்தாலும் புதுசு வரவழைத்துக்கொள்ளலாம். அதை நோட்டில் எழுதி வை, எனக்கும் அனுப்பு. வேறு யாருக்கும் படமாக அனுப்பாதே.

முன்பக்கச் சாவிக்குள்ளே சிப் இருக்கிறது. சிப்போடு நகல் எடுக்க நிறையக் கேட்பார்கள். சிப் இல்லாமல் வெறும் உலோகச் சாவி வெட்டச் சொல். அதில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, கதவு திறக்கும். உனக்கு வேண்டியது உள்ளே போவதுதானே. திருடன் கையில் கிடைத்தாலும் அதை வைத்து வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. வெட்டியதும் கதவில் போட்டுத் திறந்து பார்த்துவிட்டு வா. திறந்து பார்க்காத சாவியை நம்பாதே. இதை நான் உனக்குச் சின்ன வயசிலிருந்து சொல்கிறேன்.

அந்தச் சாவியைப் பையில் போடாதே, பையைத்தான் நீ உள்ளே வைத்துவிட்டு இறங்குகிறாயே. அம்மா பீரோ சாவியை ஊக்கில் கோத்துத் தாலியில் மாட்டியிருப்பாள், குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். நீ அதெல்லாம் போடுவதில்லை, தெரியும். ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள். இரும்பு சில்லென்று இருந்தால் துணி சுற்றிக்கொள். இன்னொன்றை நம்பர் போட்டுத் திறக்கிற சின்னப் பெட்டியில் வைத்து, வண்டிக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கிவிடு. காந்தத்தில் ஒட்டுகிற டப்பா வேண்டாம், அந்தக் கல் ரோட்டில் விழுந்துவிடும். நம்பர் உன் பிறந்த தேதியாக இருக்கக் கூடாது.

பனிக்காலம் இது. காலையில் பூட்டு இறுகிக் கிடந்தால் சுடுதண்ணீர் ஊற்றாதே, ஊற்றினால் அதுவும் உள்ளே போய் உறைந்துவிடும். சாவியைக் கையில் வைத்துச் சூடாக்கிச் சொருகு, அவசரப்பட்டு முறுக்காதே, முறுக்கினால் உள்ளேயே ஒடியும். தேங்காய் எண்ணெய் விடாதே, குளிரில் கட்டிக்கொள்ளும், தூசியும் பிடிக்கும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவி நாலு தரம் போட்டு எடு, போதும்.

இறங்கும்போது சாவி. பால் பொங்கினாலும் சரி, லைட் எரியாவிட்டாலும் சரி, கழுத்தில் கயிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு இறங்கு.

எல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்பது நாளை என்னால் விட முடியவில்லை. அந்தப் பெரியவரின் வீட்டம்மா உனக்குக் கம்பளி கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், அவர்கள் போனில்தான் பூட்டுக்காரரைக் கூப்பிட்டாய். அந்த போன் மூன்று மணி நேரம் உன் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நம் வீட்டு நம்பர் உனக்கு மனப்பாடம். மத்தியானம் இரண்டரை மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம். ஏன் கூப்பிடவில்லை? நானும் பூட்டுக்காரன்தானே. திறக்க முடியாவிட்டாலும் பேசிக்கொண்டாவது இருந்திருப்பேனே. அப்படி என்ன அப்பாவிடம்...

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

2008-இல் நீ மதுரைக்கு கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் போய்விட்டு வந்த ராத்திரி. நீ காலேஜ் சேர்ந்தபோது முன்கதவுப் பூட்டுக்கு உனக்கென்று தனியாகச் சாவி செய்து கொடுத்தேன், ஞாபகம் இருக்கும். அரம் போட்டு, பல்லுக்குப் பல் பார்த்து நானே செய்தது. அன்றைக்கு ஒன்பது மணிக்கு மேல் ஆனதும், நான் எழுந்து போய் உள்தாழ்ப்பாளைப் போட்டேன். அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். நான் கேட்கவில்லை.

பத்து மணி வாக்கில் நீ வந்தாய். சாவியைப் போட்டுத் திருப்பினாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பூட்டுக்குள் இருக்கிற ஆறு லீவர் தகடும் ஏறி, நாக்கு பின்னால் போகிற சத்தம். நான் செய்த பூட்டு, எனக்குத் தெரியாதா. பூட்டு திறந்துவிட்டது, கதவு திறக்கவில்லை. நீ திரும்பப் பூட்டி, திரும்பத் திறந்து பார்த்தாய். சாவியில்தான் கோளாறு என்று நினைத்திருப்பாய் போல. மூன்று தரம் செய்தாய். அப்புறம் ஒரு தடவை தட்டி ‘அப்பா’ என்றாய். நான் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். அதற்கப்புறம் நீ தட்டவே இல்லை.

பதினொன்றுக்குக் கதவைத் திறந்தேன். திண்ணையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கொடைரோடு பக்கத்தில் பஸ் ரிப்பேர் என்று சொன்னாய். ‘போய்ப் படு’ என்று மட்டும் சொன்னேன். உன்னை நம்பவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த பஸ் கண்டக்டரே சைக்கிள் பூட்டுக்குச் சாவி போட பட்டறைக்கு வந்தார். பேச்சுவாக்கில் அவரே சொன்னார், அன்றைக்கு ஆக்சில் போய் ஒன்றரை மணி நேரம் ரோட்டில் நின்றோம், காலேஜ் பிள்ளைகள்தான் பாவம் என்று. நீ சொன்னது உண்மை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது பாப்பா. உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். தப்பு என் மேல்.

அதற்கப்புறம் நீ லேட்டாக வரும் நாளெல்லாம் முதலில் அம்மாவுக்கு போன் பண்ணிவிட்டுத்தான் வருவாய். மாப்பிள்ளையைப் பற்றியும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னாய். இப்போது ஏரிக்கரையில் நின்றபோதும் நான் ஞாபகத்துக்கு வந்திருப்பேன், வேண்டாம் என்று விட்டிருப்பாய். என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும். ‘இந்நேரத்தில் ஏன் வெளியே போனாய்’ என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

அந்த வண்டியில் நீ தனியாக இருக்கிறாய். தனியாக என்று எழுதிவிட்டேன், அடிக்கவில்லை, இருக்கட்டும். காரணத்தை உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் அம்மாவிடம் சொல், நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன்னையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கலாம் என்று தோன்றினால் டிக்கெட்டுக்கு நான் பணம் போடுகிறேன். தம்பி அறையைக் காலி பண்ணித் தருவான், அவனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், பார்சலில் போடலாமா என்று கேட்கிறாள். உங்கள் ஊரில் சாப்பாட்டுச் சாமானைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று நீதான் சொன்னாய். எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்று அவளிடம் ஒரு தடவை சொல்லிவிடு.

சாவி எண்ணை அனுப்பு. இல்லை, அது நாளைக்கு ஆகட்டும். இதைப் படித்ததும் கூப்பிடு. உனக்கு எந்த நேரமானாலும் சரி, இங்கே ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். மணி அடித்தால் நான்தான் எடுப்பேன்.

அப்பா