பொதுப் பத்தாயத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலிருந்து உதவிய பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கார்த்திகை மழையில் பயிர் அழுகிப்போன வயல்களில் இப்போது மறுநடவு முடிந்து பச்சை பிடித்திருக்கிறது. நம்முடையது ஆற்றுப் பாசனத்தின் கடைசி முனையான கடைமடை. மழை விட்ட கையோடு குறுகிய கால விதைநெல் கிடைப்பது இங்கே லேசில்லை. கிடைத்தாலும் வட்டிக்கு வாங்கித்தான் விதைக்க வேண்டியிருக்கும். இந்த முறை ஊர்ப் பொதுவுக்கு நெல் சேமித்து வைக்கும் பொதுப் பத்தாயத்தில் நெல் இருந்தது.

அந்தப் பத்தாயத்தைக் கொடுத்த பெரிய வீட்டு ஐயாவுக்கு முதல் நன்றி. யாரும் போய்க் கேட்கவில்லை. போன பொங்கலன்று படையல் முடித்ததும் தாமாகவே சாவியைக் கொண்டுவந்து கோவில் மண்டபத்தில் வைத்தார். நெல்லை அளந்து கணக்கு எழுதும் பொறுப்பை விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் ஏற்றுக்கொண்டார். கூலிப் பேச்சுவார்த்தையில் வருஷக்கணக்காக எதிரெதிரே உட்கார்ந்த இருவரும் நெல்லுக்கு நடுவே நொச்சித்தழை பரப்பி ஒன்றாகச் சேமித்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்தது.

கோவில், குடும்பம், முன்னோர் வைத்த முறை இவற்றில் பிடிப்புள்ளவன் நான். ஊரில் விளைவதில் இல்லாதவருக்கும் பங்கு உண்டு என்பதிலும் அதே பிடிப்பு உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று சொல்பவர்களுக்கு காந்தியின் சீடர் வினோபா பாவேயைத்தான் காட்டுவேன். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமற்ற மக்கள் அவரிடம் 80 ஏக்கர் கேட்டார்கள். அவ்வூர் நிலக்காரர் ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். இருப்பவர் இல்லாதவருக்கு நிலத்தைத் தானமாகத் தரும் பூதான இயக்கம் அங்கே பிறந்தது. ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக நினைத்துப் பங்கு கொடுங்கள் என்று வினோபா ஊர் ஊராக நடந்து கேட்டார். குடும்பத்தின் பாகப்பிரிவினை முறையை வைத்தே பொதுவுடைமை கேட்ட மனிதர் அவர். பூதானத்தில் வந்த நிலத்தில் நிறைய, உழவுக்கு உதவாத தரிசு. பங்கிடப்படாமலே கிடந்ததும் உண்டு. மனமுவந்து கொடுப்பதற்கும் கணக்கும் கண்காணிப்பும் தேவை. தோழர் எழுதும் நோட்டு ரேஷன் கடை வாசலில் எல்லோரும் புரட்டிப் பார்க்கும்படி கட்டித் தொங்குவது அதனால்தான்.

பிடி அரிசி எடுத்து வைத்த அத்தைமார், அக்காமாருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனிப் பானையில். வினோபா சொன்ன சர்வோதயப் பாத்திரத்திலும் இதேதான், ஆனால் குழந்தையின் கையால் போட வேண்டும் என்றார். நம் வீடுகளிலும் பிள்ளைகளே போட்டார்கள். மழை நாட்களில் பள்ளிக்கூடத்தில் தங்கியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியது அந்த அரிசியில்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தத் தெரு அரிசியை எந்தப் பானையில் கொட்டுவது என்று முதல் நாள் முணுமுணுப்பு எழுந்தது. காலனித் தெருவிலிருந்து வந்த அரிசியையும் தன் வீட்டு அரிசியையும் ஒரே அண்டாவில் கொட்டி, முதல் கஞ்சியை வாங்கிக் குடித்த மேலத்தெரு ஆச்சிக்குத் தலைவணங்குகிறேன். 1968இல் கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. தீண்டாமையைப் பழமை என்ற பெயரில் காப்பாற்ற நினைத்தால் அந்தப் பழமை நமக்கு வேண்டாம். அந்தக் கொடுமைக்குப் பிறகு இந்த வட்டாரத்துக்கு வந்து உழைத்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியும் பூதானத்தில் வளர்ந்தவர்கள்தான். 1981இல் உழுபவருக்கு நிலம் கிடைக்கப் பாடுபடும் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத குடும்பங்களின் பெண்கள் பெயரில் நிலம் எழுதவைத்தார்கள்.

திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்பிய தம்பிகளுக்கு நன்றி. வாடகை வாங்காமல் டிராக்டர் ஓட்டியவருக்கு, சாக்கு தைத்துக் கொடுத்த பாய் கடைக்காரருக்கு, பூட்டைத் திறக்க நடுராத்திரியில் எழுந்துவந்த பூசாரி அண்ணனுக்கு நன்றி.

விதைநெல் வாங்கியவர்கள் அறுவடை முடிந்ததும் வாங்கிய அளவையே களத்துமேட்டில் அளந்து தந்தால் போதும், வட்டி கிடையாது. விளைச்சல் சரியில்லாதவர்கள் தோழரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அடுத்த போகத்தில் தரலாம்.