பாலம் சரி, அதற்கு அப்பால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வால்பாறையில் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) சாலையைக் கடக்கக் கட்டியிருக்கும் தொங்குபாலங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களும் அருமை. ஆனால் பாலம் கட்டியதோடு கதை முடிந்தது போல எழுதியிருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சாலையின் இரு பக்கத்து மரங்களும் எட்டாமல் போன இடங்களில் குரங்குகள் கீழே இறங்கி ஓடின, வண்டியில் அடிபட்டன. பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி உயரத்தில் கட்டிய பிறகு அதன் வழியே போகப் பழகிக்கொண்டன. நல்ல வேலை, மறுப்பேதும் இல்லை. ஆனால் அந்தப் பாலம் சேர்ப்பது ஒரே காட்டுத்துண்டின் இரண்டு பக்கங்களை. அடுத்த காட்டுக்குப் போக அது வழியல்ல.

அடுத்த காட்டுக்குப் போக வேண்டிய கட்டாயம் யாருக்கு? இளம் ஆண்களுக்கு. சோலைமந்திகளில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். ஆண் வளர்ந்ததும் கிளம்பி வேறு கூட்டம் தேட வேண்டும். பெரும்பாலான கூட்டங்களில் வளர்ந்த ஆண் ஒன்றுதான் இருக்கும் என்பதால் இளவட்டத்துக்கு அங்கே இடமும் கிடையாது. புது ரத்தம் சேர்வதற்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. 1890-களில் தொடங்கி காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் வைத்ததில், சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வால்பாறை மேட்டு நிலத்தில் மழைக்காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. நடுவில் இடுப்பளவுத் தேயிலை. அங்கங்கே நிழலுக்கு சில்வர் ஓக், அதையும் கிளை கழித்து மொட்டையாக நிறுத்தியிருப்பார்கள். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழும் குரங்கு அதற்குள் தரையில் இறங்கி நடக்க வேண்டும் என்றால், எத்தனை துணிந்து கிளம்பும்?

எல்லா விலங்குக்கும் இது ஒரே மாதிரித் தடை அல்ல. மலை இருவாச்சிப் பறவை தேயிலைக்கு மேலே பறந்துவிடும், போகிற போக்கில் காட்டு விதையையும் போட்டுவிட்டுப் போகும். யானை பகலில் ஆற்றோரக் காட்டில் நின்றுவிட்டு இருட்டியதும் தோட்டத்தைக் கடக்கும். யானை நிற்கும் இடத்தைச் செல்பேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஏற்பாடு இருக்கிறது. அதற்காகக் காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-இல், இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருதும் கிடைத்தது. யானை விஷயத்தில் மனிதன் ஒதுங்கி வழிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சோலைமந்திக்கு நாம் ஒதுங்கினால் மட்டும் போதாது, மரம் வேண்டும்.

கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விட்டுவிடலாமே என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள், முக்கியமாகச் சமையலறைக்குள் குரங்கு புகுந்த அன்றைக்கு! சரி, தலைமுறைக்குத் தலைமுறை இதை யார் செய்துகொண்டிருப்பது?

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, சிதைந்த காட்டுத்துண்டுகளில் உள்ளூர் மரங்களை நட்டு வருகிறார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் இடையிலும் அது நடக்க வேண்டும். தேயிலை முழுவதையும் பிடுங்கச் சொல்லவில்லை. நிழல் கூடினால் விளைச்சல் குறையும் என்ற நிர்வாகத்தின் கவலையும் எனக்குத் தெரியும். ஓடைக்கரைகளையும் கொழுந்து சரியாக வராத சரிவுகளையும் விட்டுக்கொடுக்கலாமே? அங்கே வெடிப்பலா போன்ற காட்டு மரங்கள் வளர்ந்து கிளையோடு கிளை தொட்டால் வழியும் ஆச்சு, தீனியும் ஆச்சு. நாட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்திருக்கும் காப்பித் தோட்டங்கள் இப்போதே ஓரளவு அப்படி உதவுகின்றன.

அப்புறம், சாலை அகலப்படுத்தும்போதும் மின்கம்பிக்காகக் கிளை வெட்டும்போதும், குரங்குகள் தாவும் மரங்கள் எவை என்று வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அரிவாளை எடுக்கலாம். உங்கள் நிருபர் அடுத்த முறை வால்பாறை போனால், ஓடைக்கரைகளில் என்ன மரம் நடுகிறீர்கள் என்று தோட்ட நிர்வாகங்களையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி.