ஏரிக்கரைக்குப் போ, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

சனிக்கிழமை ராத்திரி என் வார்டில் மலேரியாவோடு இருந்த அந்தப் பையன் இறந்துவிட்டான், மறுநாள் காலையில் நான் மலாவி ஏரிக்கரையில் நின்று சூரிய உதயம் பார்த்து ரசித்தேன், எனக்கே என்னைப் பிடிக்கவில்லை அம்மா என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். மற்றதை போனில் பேசிக்கொள்ளலாம்.

மலேரியா வார்டு எனக்குத் தெரியாததா? மும்பையில் மழை பிடித்துவிட்டால் எங்கள் முனிசிபல் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாது, தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்து, குனிந்து குனிந்தே டிரிப் போடுவோம். ஆனால் இங்கே நிறைய பேருக்கு வைவாக்ஸ் வகை மலேரியா, தப்பித்துக்கொள்வார்கள். உன்னிடம் வருவது உயிரை வாங்குகிற ஃபால்சிபாரம் வகை, அதுவும் ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளைகளுக்கு, நவம்பரில் மழை தொடங்கினால் ஏப்ரல் வரைக்கும். உள்ளங்கை வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு அன்று ராத்திரியே ரத்தம் ஏற்றினால்தான் உண்டு. பிளட் பாங்கில் இல்லையென்றால் கூட வந்த மாமனோ சித்தப்பனோ கொடுக்க வேண்டும், அந்த ரத்தமும் பொருந்த வேண்டும். இதில் நீ என்ன குறை வைத்தாய், சொல்? ஆர்ட்டிசுனேட் மலேரியா ஊசியை நேரத்துக்குப் போட்டிருக்கிறாய், சர்க்கரை பார்த்திருக்கிறாய். எங்கள் காலத்தில் குவினைன்தான். ஆப்பிரிக்கப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2010இல் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு இந்த மருந்தே முதல் மருந்தானது. கையில் இருந்ததில் நல்லதைத்தான் அவனுக்குக் கொடுத்தாய்.

அப்புறம் அந்த ஏரி. அது சுமார் 580 கிலோமீட்டர் நீளமாமே, கடல் மாதிரி அலை அடிக்கிறது என்கிறாய். கரையில் உசிப்பா மீனைத் தட்டியில் பரப்பிக் காயவைத்த படம் அனுப்பினாயே, நம் வர்சோவா கோலிவாடா மீனவர் குப்பத்தில் பொம்பில் மீன் காய்கிற மாதிரியே இருந்தது, அப்பா அந்த வாசனையே வருகிறது என்றார். அந்தப் பையனின் அம்மாவும் இந்த ஏரித் தண்ணீரில் துணி துவைத்து, இந்த மீனை மக்காச்சோளக் களியோடு பிள்ளைகளுக்குப் போட்டவளாகத்தான் இருப்பாள். நீ அந்த ஏரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? பார்க்காமல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருந்தால் திங்கட்கிழமை வார்டுக்கு யார் போவது? அடுத்த ஞாயிறும் போ. தனியாகப் போகாதே, அங்கே உள்ள சிஸ்டர்களைக் கூட்டிக்கொண்டு போ. அவர்களிடமும், டாக்டர் பட்டம் இல்லாமலே வைத்தியம் பார்க்கிற கிளினிக்கல் ஆபீசர்களிடமும் நிறையக் கேள், சிசேரியன் வரைக்கும் இந்த ஆபீசர்கள் கைதான் என்று நீயே சொன்னாய். டாக்டர் என்று தள்ளி நிற்காதே. வெளியே அடுப்பு மூட்டி நோயாளிக்குச் சமைக்கிற சொந்தக்காரர்கள் பக்கத்திலும் கொஞ்சம் உட்கார், அந்த அம்மா மறுபடி வந்தால் பேசு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கரையோரத் தண்ணீரில் இறங்காதே. நாணலில் இருக்கும் நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா என்ற புழு நோயின் கிருமி தோல் வழியாகவே ஏறிவிடும். ஏற்கெனவே இறங்கியிருந்தால் மறைக்காமல் சொல், சில வாரம் கழித்து அதற்கான பிராசிக்வான்டல் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். மலேரியா மாத்திரையை விடாதே, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்.

ராத்திரி டியூட்டி முடிந்து மனசு சரியில்லை என்றால் மணி பார்க்காமல் கூப்பிடு. உனக்கு எட்டு என்றால் எனக்குப் பதினொன்றரை, அவ்வளவுதானே, முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா
சயான் கோலிவாடா, மும்பை