ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஊருணி வேலையும் காலனிக் கழிப்பறை வேலையும் முடிந்துவிட்டன. வரவு செலவு நோட்டும் பில்களும் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் போய்ப் புரட்டலாம். இங்கே எழுதுவது வேலை நடந்த கதை, சொதப்பியதும் சேர்த்து.

ராமநாதபுரம் பக்கம் பல இடங்களில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான், தெரிந்ததுதானே. நமக்கு ஊருணியை விட்டால் கதியில்லை. அதற்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் தூரோடு பிடுங்க ஞாயிற்றுக்கிழமைதோறும் கடப்பாரையோடு வந்த பிள்ளைகளுக்குத்தான் முதல் நன்றி. இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாமே என்றவர்களுக்கு: அடியில் இருக்கும் களிமண்ணைக் கிளறினால் தண்ணீர் நிற்காது, அதனால்தான் விட்டோம். காலனிப் பக்கத்துக் கிழக்குப் படித்துறையை ஏன் முதலில் கட்டினீர்கள் என்றும் சிலர் கேட்டார்கள். மற்றவர்கள் மொண்டு முடிக்கும்வரை காலனிப் பெண்கள் குடத்தோடு காத்து நின்றதை இத்தனை வருஷம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்?

கழிப்பறையில்தான் மாட்டிக்கொண்டோம். வீட்டுக்கு இரண்டு உறிஞ்சுகுழி, தண்ணீர் மண்ணில் இறங்குவதற்காகச் செங்கல்லுக்கு நடுவே சந்து விட்டுக் கட்ட வேண்டும். நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் கொத்தனார் உள்ளே வழவழவென்று சிமென்ட் பூசிவிட்டு, "சொட்டுக்கூட ஒழுகாதுங்க" என்றார். ஒழுகத்தானய்யா குழி! எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம், ஒரு நாள் கூலி தண்டம், அது நோட்டில் இருக்கிறது. அப்புறம் ஒரு வீட்டில் இரண்டு குழிக்கும் வழி திறந்தே கிடந்தது. ஒன்றை அடைத்துத்தான் வைக்க வேண்டும். முதல் குழி நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை இரண்டு வருஷம் மூடிப்போட்டால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். மலம் அள்ள மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டமே வந்தாலும், குழி ஒன்றுதான் என்றால் நிரம்பும் நாளில் யாரையாவது கூப்பிடத்தான் தோன்றும். அரசு மானியம் 12,000 ரூபாய் போகக் குறைந்ததை நன்கொடையிலிருந்து போட்டோம்.

குடிதண்ணீர்த் தொட்டியில் 1,000 லிட்டருக்கு சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். வாடை பிடிக்காமல் சிலர் ஊருணித் தண்ணீரையே மொண்டு தேத்தாங்கொட்டை உரசுகிறார்கள். கலங்கல் தெளியும், சரி, கிருமி போகாது. தொட்டிச் சாவி இனிமேல் காலனி மகளிர் குழுவிடம்.

மூன்று வீட்டுக் கழிப்பறையில் விறகு அடுக்கியிருக்கிறது. ஞாயிறு காலை போய்ப் பேசப்போகிறோம், வருகிறவர்கள் ஏழு மணிக்கு டீக்கடைக்கு வந்துவிடுங்கள்.