27 மதிப்பெண் எடுத்த அப்பா

ஆசிரியருக்கு,

அல்சைமர் நோய்க்கான ரத்தப் பரிசோதனை பற்றிய செய்தியைப் படித்தேன். 2025இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்த பரிசோதனை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் அவஸ்தை சிலருக்காவது குறையும், நல்லதுதான். ஆனால் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதா என்றுதான் அது காட்டும். ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை வேறு வழியில்தான் அளக்க வேண்டும். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம்.

அப்பா காலமெல்லாம் கணக்கெழுதியவர். முதல் மருத்துவர் மறதியைச் சோதிக்கும் 30 மதிப்பெண் கேள்வித்தாளை எடுத்தார். 1975இலிருந்து புழக்கத்தில் இருப்பது. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79, 72, 65. போதும் என்ற பிறகும் அப்பா 58, 51 என்று போய்க்கொண்டே இருந்தார். மொத்தம் 27. ‘வயசானா சகஜம்’ என்று அனுப்பிவிட்டார்கள். போன மூன்று மதிப்பெண்ணும் ஒரே இடத்தில் போனவை: சற்று முன் சொல்லிக்கொடுத்த மூன்று சொற்களில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதே வாரம் மாத்திரைப் பெட்டியைத் திறந்தால் சட்டைப் பொத்தான்கள். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று ஏழு நாளுக்கும் பிரித்து வைத்திருந்தார். என்னை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்த இரண்டாவது மருத்துவர் முதலில் தைராய்டு, வைட்டமின் பி12 பார்த்தார், மனச்சோர்வு இருக்கிறதா என்று விசாரித்தார். அவற்றாலும் மறதி வருமாம். அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களும் வலப்பக்கமே நெருக்கியடித்து நின்றன. பிறகு அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு அரைமணி நேரம் என்னிடம் பேசினார். பணத்தை யார் பார்த்துக்கொள்கிறார், தனியாகப் போனால் திரும்பி வருகிறாரா, குளிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறதா. இப்படிக் கேட்டுத்தான், லேசான தொடக்கம் என்றால் 0.5, முற்றிவிட்டால் 3 என்று, 0.5, 1, 2, 3 என நிலையைக் குறிக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. ஒருமுறை அந்த 30 மதிப்பெண் கேள்வித்தாளில் 21க்கு இறங்கிவிட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பார்த்தால், காது மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம்! இரண்டு வாரம் கழித்து 24. இப்போது நான் நோட்டில் எழுதி வைக்கிறேன்: ‘சட்டை தானே போட்டார், பொத்தான் ஒன்று தள்ளி.’ ‘தொலைபேசியில் தம்பியின் குரல் தெரியவில்லை.’

இந்த மருத்துவர் கேள்வித்தாளை எடுக்கும் முன்பே நோட்டைக் கேட்கிறார். கூட வந்தவரிடம் பேசாமல் ‘சகஜம்’ என்று எழுதித் தரக் கூடாது என்று ஒரு விதி வரட்டும். எங்களுக்கு அந்த ஒன்றரை ஆண்டு போனது போனதுதான்.

இப்படிக்கு,
ஒரு கணக்கரின் மகள்