பிள்ளைகளின் படிப்பு கெட்டுப்போகவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டுக் கடலில் சுற்றுவது பொறுப்பில்லாத வேலை என்று வாசகர் ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். என் தங்கை குடும்பமும் அப்படிக் கிளம்பியதுதான், அதனால் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சட்டத்தை மீறி யாரும் போகவில்லை. சிங்கப்பூரில் 2003 முதல் நடப்பில் இருக்கும் கட்டாயக் கல்வி, தொடக்கப்பள்ளிப் படிப்புக்கானது. மூத்தவன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதி முடித்த பிறகு, இளையவளுக்கு ஆறு வயது ஆகும் முன்னால், உயர்நிலைப் பள்ளியில் முறையாகப் பேசிவிட்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத்தான் பாய்மரப் படகில் கிளம்பினார்கள்.

அவர்கள் அதிக நாள் தங்கியது ஃபாக்லாந்து தீவுகளில். தென்னமெரிக்காவுக்குக் கிழக்கே, சிங்கப்பூரைப் போல் 16 மடங்கு நிலம், அதில் சுமார் 3,500 பேர்தான், செம்மறியாடுகளோ ஏறத்தாழ 5 லட்சம்! தலைநகர் ஸ்டான்லியை விட்டு வெளியே போனால் பெரும்பாலும் பண்ணைகள்தான். மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும், இயற்கையாக வளர்ந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது. காற்றுக்கு ஒதுங்கி நங்கூரம் போட்டவர்களை மேற்குத் தீவில் ஒரு பண்ணைக் குடும்பம் கரைக்கு அழைத்து, குளிக்க வெந்நீரும் ஆட்டிறைச்சியும் கொடுத்து, அங்கேயே தங்கச் சொல்லிவிட்டது. முன்பு அந்தப் பண்ணைகள் பலவும் பெரிய கம்பெனிகளின் கையில் இருந்தனவாம், 1980களில்தான் பிரித்துக் குடும்பங்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். அதனால் இப்போது கணவனும் மனைவியுமே எல்லா வேலையும் பார்க்கிறார்கள். கம்பளி கத்தரிக்கும் பருவத்தில் யார் கை கொடுத்தாலும் உதவிதான்.

மூத்தவன் அந்தக் கொட்டகையில்தான் பாதி நாள் இருந்தான். கத்தரித்த கம்பளியை மேசையில் விரித்து, ஓரத்தில் சாணம் ஒட்டிய பகுதியைப் பிய்த்தெடுப்பது அவன் வேலை. இழையின் தடிமன் எத்தனை மைக்ரான் என்பதைப் பொறுத்துத்தான் விலை, மெல்லியதாக இருந்தால் கூடுதல். ஒரு மூட்டைக்கு என்ன கிடைக்கும், கப்பல் கூலி போக மிச்சம் எவ்வளவு என்று அந்தப் பண்ணைக்கார அம்மாவோடு உட்கார்ந்து அவனே கணக்குப் போட்டிருக்கிறான். இங்கே அதே சதவீதக் கணக்கைச் செய்ய வைக்க என் தங்கை பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அந்த வாசகர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பண்ணைப் பிள்ளைகளுக்கு அங்கே அரசாங்கமே ஆசிரியரை அனுப்புகிறது. அவர் பண்ணை பண்ணையாகப் போய்த் தங்கிப் பாடம் நடத்துவார், அடுத்த பண்ணைக்குப் போன பிறகு தொலைவிலிருந்தே வகுப்பு. கொஞ்சம் பெரியவர்களானதும் ஸ்டான்லியில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள், பிறகு மேற்படிப்புக்கு அரசுச் செலவில் பிரிட்டனுக்கும் போகிறார்கள். ஆசிரியர் வந்திருந்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அந்தச் சமையலறை மேசையிலேயே உட்கார வைத்துக்கொண்டார், தனியாகக் காசு எதுவும் கேட்கவில்லை. நாள்தோறும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போகாத அந்தப் பிள்ளைகளைப் படிக்காதவர்கள் என்று சொல்ல முடியுமா?

சரி, நஷ்டமே இல்லையா என்று கேட்டால், உண்டு. தமிழ் எழுத்து இருவருக்கும் மந்தமாகிவிட்டது, அதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை. ஜனவரியில் மூத்தவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான், இளையவள் தொடக்கநிலை ஒன்றில் சேர்கிறாள். அதுவரை சனிக்கிழமைகளில் இருவரையும் என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், தமிழை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்